சேபரை ஃபியூரி ஆக்குவது எப்படி? – மாடல் மேசை கேள்வி பதில்

கே: என்னிடம் 1:48 அளவில் ஒரு எஃப்-86எஃப் சேபர் போர் விமான மாடல் கிட் ரொம்ப நாளாகச் சும்மா கிடக்கிறது. அதைக் கடற்படை ரகமான எஃப்ஜே-2 ஃபியூரியாக மாற்ற ஆசை. கப்பலில் இறங்கும்போது தளத்துக் கம்பியைப் பிடிக்கும் கொக்கி ஒன்றைப் பின்னால் வைத்து நீல பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது என்கிறார் நண்பர். போதுமா ஐயா?

ப: போதாது. ஆனாலும் ஆசையை விட்டுவிடாதீர்கள், இந்த மாற்றம் செய்யத் தகுந்த மாற்றம்தான், ஒரு முறை செய்துவிட்டால் எந்தக் கடற்படை விமானத்தைப் பார்த்தாலும் அதை எங்கே வலுவாக்கியிருக்கிறார்கள், எங்கே உயர்த்தியிருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.

முதலில் கொஞ்சம் கதை. கொரியப் போரில் மிக்-15 வந்ததும் அமெரிக்கக் கடற்படையின் நேர் இறக்கை ஜெட்டுகளான பேந்தரும் பேன்ஷீயும் வேகத்தில் பின்தங்கிப் போயின. விமானப்படையிடம் பின்சாய்ந்த இறக்கை கொண்ட சேபர் இருந்தது. அதையே கப்பலுக்கு ஏற்றபடி செய்து கொடுங்கள் என்று 1951-இல் நார்த் அமெரிக்கன் கம்பெனியைக் கேட்டார்கள். பீரங்கி பொருத்திய சோதனை விமானம் அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று பறந்தது. மொத்தம் 200 எஃப்ஜே-2 தயாராகி, அத்தனையும் மரைன் படைக்குப் போயின. இதில் மாடல் செய்கிற நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மூல விமானம் எஃப்-86இ, உங்கள் கையில் இருப்பது எஃப்-86எஃப். இரண்டுக்கும் இறக்கை வேறு.

அதனால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஸ்கேலை எடுங்கள். இறக்கையை உடலோடு சும்மா பொருத்திப் பிடித்து, நுனியிலிருந்து நுனி வரை அளந்து பாருங்கள். 248 மி.மீ. பக்கம் வந்தால் அது எஃப்-86எஃப்-40, சுருக்கமாக எஃப்-40 ரக இறக்கை, ஒவ்வொரு நுனியிலும் 12 அங்குலம் நீட்டியது. அந்தக் கிட்டைத் தொடாமல் எஃப்-40 ஆகவே கட்டிவிடுங்கள், அதைக் குறுக்கிச் சரி செய்வதற்குள் வேறு இரண்டு மாடல் கட்டி முடித்துவிடலாம். 235 மி.மீ. வந்தால் நீளம் சரி, இனி முன்விளிம்பைப் பாருங்கள். முன்விளிம்பை ஒட்டி, ஸ்லாட் என்கிற அசையும் பட்டை தனியாகக் கோடு போட்டுக் காட்டப்பட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அப்படியே பயன்படுத்தலாம். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்து, மேலே சின்னதாக ஒரு தடுப்புத் தகடும் இருந்தால் அது ஆறு-மூன்று இறக்கை. அதாவது உடலருகே 6 அங்குலமும் நுனியில் 3 அங்குலமும் முன்னால் நீட்டியது. 1:48-இல் அது உடலருகே 3.2 மி.மீ., நுனியில் 1.6 மி.மீ. அவ்வளவையும் எடுத்தாக வேண்டும்.

எடுப்பது கஷ்டமில்லை, எடுத்த பிறகுதான் வேலையே. மேல் கீழ் இரண்டு பாதியையும் ஒட்டி நன்றாகக் காய்ந்த பிறகு, மாஸ்கிங் டேப்பால் அந்தச் சாய்வுக் கோட்டைக் குறித்துக்கொண்டு, தட்டையான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் கோடு வரை தேயுங்கள். முடித்ததும் முன்விளிம்பு மொட்டையாக, தடித்து நிற்கும், பார்த்தாலே மனசு விட்டுப்போகும். பயப்பட வேண்டாம். அந்த மொட்டை முனையிலிருந்து பின்னோக்கி ஏழெட்டு மி.மீ. அகலத்துக்கு மேலும் கீழும் வளைவாக இழைத்துக்கொண்டே வாருங்கள், கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் தடவிப் பார்த்தால் எங்கே மேடு என்று உடனே தெரியும். உள்பக்கம் ஓட்டை விழுந்துவிடும் என்று சந்தேகமாக இருந்தால் இறக்கையை ஒட்டும் முன்பே உள்ளே எபாக்சி புட்டியை வைத்து நிரப்பிவிடுங்கள்.

ஸ்லாட்டைப் பற்றி இன்னொன்று. சேபர் தரையில் நிற்கும்போது ஸ்லாட் தன் எடையாலேயே சரிந்து திறந்துகொள்ளும். ஆகவே நிறுத்தி வைத்த விமானமாகக் காட்டுவதானால் பட்டையைத் தனியே செய்து, கொஞ்சம் முன்னும் கீழுமாக இறக்கி ஒட்டுவதுதான் உண்மைக்குப் பக்கம். வெறும் கோடு கீறி விட்டாலும் குற்றமில்லை, ஆனால் திறந்து வைத்த ஸ்லாட்டின் அழகே தனி.

அடுத்து வால். நான் முதல் ஃபியூரியைக் கட்டியபோது தவறவிட்ட இடம் இது. இறக்கை, துப்பாக்கி, கால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, வாலை மட்டும் கிட்டில் இருந்தபடியே ஒட்டி, பெயிண்ட் அடித்து முடித்து அலமாரியில் வைத்த பிறகுதான் நேர் எதிரிலிருந்து பார்த்தேன். சேபரின் வால் சிறகுகள் இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பவை. எஃப்ஜே-2-இல் அந்தச் சாய்வே கிடையாது, தட்டையாக, படுக்கையாக இருக்கும். மறுபடி பிரித்து, துளையை அடைத்து, முதலிலிருந்து ஒட்டினேன். நீங்கள் முதலிலேயே கிட்டின் நாக்குகளை வெட்டி எறிந்துவிட்டு, 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை உடலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நேராகக் குத்தி எடுத்து, இரண்டு சிறகையும் அதில் செருகுங்கள். ஒரே கம்பி என்பதால் இரண்டும் தானாகவே ஒரே மட்டத்தில் நிற்கும். சிறகின் அடிப்பக்கம் உடலோடு சேரும் கோணம் இப்போது மாறிவிட்டதல்லவா, அங்கே சற்று இழைத்தால்தான் இடைவெளி இல்லாமல் உட்காரும்.

துப்பாக்கி வாய்களுக்கு வருவோம். சேபரில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இயந்திரத் துப்பாக்கிகள், ஃபியூரியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். பழைய மூன்று ஓட்டைகளையும் புட்டியால் அடைக்காதீர்கள். புட்டி அடைத்த இடத்தின் ஓரத்தில் புதுத் துளை போடும்போது அது பொடிந்து உதிரும். கிட்டின் சட்டத்திலிருந்தே ஒரு துண்டை வெட்டி, மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து மெல்லிய குச்சியாக்கி, பிளாஸ்டிக் பசையில் நனைத்து ஓட்டைக்குள் செருகி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் வெட்டி இழைத்தால் அது உடலோடு ஒன்றாகிவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் துளையூசி வழுக்காது, பெயிண்டின் கீழே வட்டமும் தெரியாது.

கொக்கியைக் கடைசியில்தான் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. ஒற்றைத் தண்டாக வேண்டாம், ஆங்கில வி எழுத்து போல இரண்டு கைகள் பின்னால் சேர்ந்து நுனியில் கொக்கி வரும் சட்டம். இரண்டு மெல்லிய பித்தளைக் கம்பி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ, ஒரு மாலை நேரம். முடிந்தது.

கே: எஃப்ஜே-2-க்கு மூக்குச் சக்கரத்தின் கால் நீளம் என்று தெரியும். எவ்வளவு நீட்ட வேண்டும்? நீட்டினால் மாடல் பின்பக்கமாக உட்கார்ந்துவிடாதா?

ப: நீட்டவில்லை என்றால் அது ஃபியூரியே இல்லை. கப்பலில் ஓடுதளம் கிடையாது, கேட்டபுல்ட் இழுத்து எறியும் அந்தச் சில விநாடியில் இறக்கை காற்றைச் சரியான கோணத்தில் அள்ள வேண்டும், அதனால் விமானம் நிற்கும்போதே மூக்கைத் தூக்கி நிற்கிறது. இறங்கும்போது தளத்தில் மோதுகிற வேகத்தைத் தாங்கவும் நீளமான அதிர்ச்சித் தாங்கி தேவைப்பட்டது. ஆறடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு துப்பாக்கி இரண்டா மூன்றா என்று தெரியாது, மூக்கு தூக்கி நிற்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு என்பதைப் படத்திலிருந்தே எடுங்கள். நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தில் மூக்குச் சக்கரத்தின் விட்டத்தையும் சக்கர மையத்திலிருந்து உடலின் அடிவரை உள்ள உயரத்தையும் அளந்து, விகிதம் பாருங்கள். கிட்டின் சக்கரத்தை அதே விகிதத்தால் பெருக்கினால் உங்களுக்கு வேண்டிய உயரம் வந்துவிடும். புத்தகத்தில் அச்சான எண்ணைவிட இந்தக் கணக்கு நம்பகமானது, ஏனென்றால் விமானம் எரிபொருளோடு நிற்கிறதா, காலியாக நிற்கிறதா என்பதைப் பொறுத்துத் தாங்கி அமுங்கும் அளவு மாறும். காலை அதன் தடித்த மேல்பகுதியில் வெட்டி, இரண்டு துண்டிலும் 0.5 மி.மீ. துளை போட்டு, நடுவில் எஃகுக் கம்பி கொடுத்து, வெளியே பித்தளைக் குழாய் மாட்டுங்கள். வெறும் பிளாஸ்டிக் துண்டை இடையில் ஒட்டினால் ஆறே மாதத்தில் வளைந்துவிடும்.

பின்பக்கம் உட்காருவது பற்றிய பயம் நியாயம்தான். மூக்கைத் தூக்க எடை பின்னால் போகும், எனவே கிட்டின் விளக்கத்தாளில் சொன்னதைவிடக் கூடுதலாகவே ஈயம் வையுங்கள். சேபரின் மூக்கு முழுக்கக் காற்றுக் குழாய் என்பதால் இடம் குறைவு. காக்பிட் தரைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள பொந்தும் குழாயின் இரு பக்கமும்தான் நமக்குக் கிடைக்கும். உடலை ஒட்டும் முன் டேப் போட்டுச் சேர்த்து, முக்கியச் சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலில் தாங்கிப் பாருங்கள், முன்னால் தொப்பென்று சாய வேண்டும். ஈயத்தை வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டாதீர்கள். நாளாக நாளாக ஈயம் அதோடு வினைபுரிந்து உப்பி, ஒட்டிய உடலையே பிளந்துவிடும். எபாக்சியோ சூப்பர் க்ளூவோதான் சரி.

கே: இறக்கையை மடித்த நிலையில் காட்ட விரும்புகிறேன். மேல் கீழ் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டிவிட்டு ஒட்டுவதா, ஒட்டிவிட்டு வெட்டுவதா?

ப: ஒட்டிவிட்டு வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டினால் இரண்டு வெட்டும் ஒருபோதும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. மடிப்புக் கோட்டை நீங்கள் கட்டப்போகும் விமானத்தின் படங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மெல்லிய பிளேடு ரம்பத்தால், அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓட விடுங்கள். வெட்டிய இரண்டு வாயிலும் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் விலா எலும்பு மாதிரி தடுப்பு வெட்டி, ஒரு மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். அந்த ஒரு மி.மீ. பள்ளத்தில்தான் கீல், ஹைட்ராலிக் குழாய், பூட்டுத் துண்டுகள் எல்லாம் மெல்லிய கம்பியால் வரும். கீல் மேல்பரப்பின் ஓரமாக இருக்கும். எடையைத் தாங்குவது பசை அல்ல, கம்பிதான், ஆகவே இரண்டு இடத்திலாவது பித்தளைக் கம்பி கொடுங்கள். இன்னொன்று, சோதனை விமானங்களின் இறக்கை மடங்காது, உற்பத்தியில் வந்தவைதான் மடங்கும். சோதனை விமானத்தின் குறியீடுகளைப் போட்டுவிட்டு இறக்கையை மடித்துவிடாதீர்கள்.

கே: அதே சேபர் கிட்டிலிருந்து எஃப்ஜே-3 செய்யலாமா? ஆறு-மூன்று இறக்கை அதற்குப் பொருந்துமே?

ப: நல்ல கவனிப்பு. எஃப்ஜே-3-இன் பிற்கால விமானங்களில் ஸ்லாட்டை எடுத்துவிட்டு நீட்டிய முன்விளிம்பு வைத்தார்கள், உண்மைதான். ஆனால் எஃப்ஜே-3-இல் இன்ஜின் வேறு, ரைட் ஜே65, அதாவது பிரிட்டிஷ் சஃபையர் இன்ஜினை அமெரிக்காவில் உரிமம் வாங்கித் தயாரித்தது. அதற்குக் காற்று அதிகம் வேண்டும், அதனால் மூக்கின் வாய் பெரிதாகி, உடலின் முன்பகுதியே ஆழமாகிவிட்டது. இறக்கையில் மிச்சமாகும் வேலையைவிட மூக்கில் சேரும் வேலை பல மடங்கு அதிகம். எஃப்ஜே-3 வேண்டுமென்றால் அதற்கென வந்த கிட்டை வாங்குவதே நல்லது. எஃப்ஜே-2-க்கும் 1:72, 1:48 இரண்டிலும் தனிக் கிட் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது கிடைக்கிறவர்கள் அதைக் கட்டட்டும். கையில் இருக்கும் சேபரை வீணாக்க மனமில்லாதவர்களுக்கும், வெட்டி ஒட்டுவதில் பிரியம் உள்ளவர்களுக்கும்தான் இந்தப் பக்கம்.

கே: 1:72 எஃப்-4சி ஃபேன்டம் கிட்டை எஃப்-4பி ஆக்குவது எளிதா, எஃப்-4ஜே ஆக்குவது எளிதா?

ப: பார்வைக்கு எஃப்-4பி நெருக்கம் போலத் தோன்றும், ஆனால் இறக்கை அப்படி இல்லை. ஃபேன்டம் முதலில் கடற்படை விமானம். எஃகுத் தளத்தில் ஓடியதால் எஃப்-4பி-க்கு 7.7 அங்குல அகல டயரே போதுமானதாக இருந்தது, விமானப்படை தன் எஃப்-4சி-க்கு, சாதாரண ஓடுதளத்துக்காக 11.5 அங்குல டயர் கேட்டது, அது உள்ளே அடங்க இறக்கையின் மேலும் கீழும் புடைப்பு வந்தது. 1:72-இல் 2.7 மி.மீ. டயருக்கும் 4.1 மி.மீ. டயருக்கும் உள்ள வித்தியாசம் அது, சக்கரத்தை மாற்றுவது சுலபம், புடைப்பை வழித்து எடுத்து மேல்பரப்பைச் சமமாக்குவதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

கடற்படையின் பிற்கால ரகமான எஃப்-4ஜே-க்கு அந்தப் புடைப்பு இருக்கிறது. ஆக இறக்கை மிச்சம். பதிலுக்கு வால் சிறகின் முன்விளிம்பில் பிளவு கொண்ட ரகம் வேண்டும், இன்ஜின் வாய், அதாவது பின்னால் புகை வெளியேறும் முனை, நீளமான ரகம் வேண்டும், மூக்கின் கீழே தொங்கும் சின்னக் குமிழை எடுக்க வேண்டும். வாலும் இன்ஜின் வாயும் வேறு ஃபேன்டம் கிட்டிலிருந்தோ ரெசினிலோ கிடைக்கும். எதைச் செய்தாலும் முதுகில் உள்ள, பறக்கும்போது எரிபொருள் வாங்கும் வாயை மூடிவிட்டு, வலப்பக்கம் உள்ளே மடங்கும் எரிபொருள் குழாயின் மூடியைக் கீறுங்கள். பின் இருக்கையில் கட்டுப்பாட்டுத் தண்டு கிடையாது, அதையும் எடுத்துவிடுங்கள். என் தேர்வு எஃப்-4ஜே.

கே: சாதாரண மிக்-29 கிட்டில் கொக்கி, மடிப்புக் கோடு மட்டும் சேர்த்து இந்தியக் கடற்படையின் மிக்-29கே செய்ய முடியுமா?

ப: வேண்டாம். விக்ரமாதித்யா கப்பலுக்காக வாங்கிய மிக்-29கே பெயரில்தான் மிக்-29, வடிவத்தில் ஏறக்குறைய எல்லாமே மாறிய விமானம். இறக்கை 11.36 மீட்டரிலிருந்து 11.99 மீட்டர் ஆகிவிட்டது, முதுகு பருத்துவிட்டது, மேல்பக்கத்துக் காற்றுக் கீற்றுகள் இல்லை, ஒற்றை இருக்கை விமானத்துக்கும் இரட்டை இருக்கையின் நீளக் கூரைதான், பின் இருக்கை இருக்கும் இடத்தில் எரிபொருள் தொட்டி. இத்தனையையும் மாற்றினால் கிட்டில் மிஞ்சுவது சக்கரமும் ஏவுகணையும்தான், சக்கரமும் பொருந்தாது. தனிக் கிட் வாங்குங்கள், மனதார நிம்மதியாகக் கட்டுங்கள்.

கே: ஃபியூரிக்கு நீலமா, சாம்பலா? நீலம் அடித்தால் எனக்கு எப்போதும் கறுப்பாகவே தெரிகிறது.

ப: இரண்டும் சரி. 1955-க்கு முன் முழுவதும் பளபளப்பான கடல் நீலம், அமெரிக்க அரசின் நிற எண் வரிசையில் எஃப்எஸ் 15042. 1955-இல் மேலே இளஞ்சாம்பல் 36440, கீழே பளபளப்பான வெள்ளை 17875 என்று மாற்ற ஆரம்பித்தார்கள். சாம்பல் திட்டத்தில் பலர் தவறவிடுவது, ஐலரான், ஃபிளாப் போன்ற அசையும் பாகங்களின் மேல்பக்கமும், ரட்டரும் வெள்ளை.

நீலம் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் நிறம் அல்ல, அளவு. உண்மை விமானத்தின் நிறத்தை அப்படியே சின்ன மாடலில் அடித்தால் கண்ணுக்கு இன்னும் அடர்த்தியாகத்தான் தெரியும். பத்தில் ஒரு பங்கு நடுத்தர நீலம் கலந்து பாருங்கள், வெள்ளை கலக்காதீர்கள், வெளிறிப் பால் ஊற்றியது போலாகிவிடும். அடியில் கறுப்பு பிரைமர் வேண்டாம், சாம்பல் போதும். பளபளப்பு பெயிண்ட் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும், முன்விளிம்பை இழைத்தோம் அல்லவா, அங்கே கடைசியாக 2000 எண் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்த பிறகே அடியுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். நீல ஃபியூரிகளின் பல படங்களில் இறக்கை முன்விளிம்பும் மூக்கு வாயின் உதடும் வெள்ளியாக மின்னுவதைக் காணலாம், அந்த மெல்லிய வெள்ளிக் கோடு வந்ததும் நீலம் நீலமாகவே தெரிய ஆரம்பிக்கும்.

கே: ரெசின் பாகங்களை இழைக்கும்போது தொண்டை கரகரக்கிறது. இது சாதாரணமா?

ப: அதைச் சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலில் போய்த் தங்கும். எப்போதும் தண்ணீரில் நனைத்தே இழையுங்கள், தூள் பறக்காமல் சேறாக நிற்கும், அதைத் துணியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். வெட்டும்போதும் துளைக்கும்போதும் நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும், துணிக் கவசம் போதாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த வேலையைச் சாப்பிடும் மேசையில் செய்யாதீர்கள். கரகரப்பு நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், அதுவரை ரெசினைத் தொட வேண்டாம், ஃபியூரிக்கு இன்னும் ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் வேலை நிறைய இருக்கிறது.